ஹோரஸுக்காக வாதாடுவது எப்படி

2004இல் வெளிவந்த 'இம்மோர்ட்டெல்' என்ற பிரெஞ்சு அறிவியல் புனைகதைப் படத்தை நண்பர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் போட்டுக் காட்டுவதும், முடிந்தவுடன் அதற்காக வாதாடுவதும் எனக்குப் பத்து வருஷப் பழக்கம். நிறையத் தடவை தோற்றிருக்கிறேன். எந்த இடத்தில் தோற்றேன், எந்த இடத்தில் எதிரே இருந்தவர் பேச்சை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார் என்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். யாருக்கும் பிடிக்காத ஒரு படம் உங்களுக்கு மட்டும் பிடித்திருந்தால், அதிலும் அது இந்தப் படமாகவே இருந்தால், இது உங்களுக்கு உதவும்.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2095, நியூயார்க். நகரத்துக்கு மேலே ஒரு பிரமிட் அந்தரத்தில் நிற்கிறது. உள்ளே எகிப்தியக் கடவுள்கள். வல்லூறுத் தலை கொண்ட ஹோரஸுக்கு மற்ற கடவுள்கள் மரண தண்டனை விதித்துவிட்டார்கள். அவனுக்கு ஏழு நாள் அவகாசம். அதற்குள் பூமியில் தன் வாரிசை விட்டுச் செல்ல வேண்டும் என்று இறங்கி வருகிறான். அதற்கு ஒரு மனித உடம்பு தேவை. ஆனால் ஊரில் பாதிப் பேர் 'யூஜெனிக்ஸ்' என்ற நிறுவனத்தால் மாற்றப்பட்ட உடம்போடு இருக்கிறார்கள். அவன் உள்ளே புகுந்ததும் அந்த உடம்புகள் வெடித்துச் சிதறுகின்றன. கடைசியில் அகப்படுகிறவன் அல்சீட் நிகோபோல். அரசை எதிர்த்ததற்காகப் பல பத்தாண்டுகள் உறைநிலைச் சிறையில் கிடந்து, தற்செயலாக வெளியே விழுந்தவன். விழுந்ததில் ஒரு கால் போய்விடுகிறது. ஹோரஸ் ஒரு தண்டவாளத் துண்டை வளைத்து அவனுக்குக் கால் செய்து மாட்டுகிறான். அந்த இரும்புக் காலைத் தூக்கி வைக்கவே உள்ளே கடவுள் இருந்தால்தான் முடியும். ஹோரஸ் தேடும் பெண் ஜில். வெளுத்த உடம்பு, நீல முடி, அழுதால் நீலக் கண்ணீர், பழைய நினைவு எதுவும் கிடையாது.

சொல்லி முடிப்பதற்குள்ளேயே பாதிப் பேரின் முகம் மாறிவிடும். மாறட்டும். அவசரப்பட்டு "இல்லை இல்லை, பார்த்தால் புரியும்" என்று சொல்லாதீர்கள். பார்த்தாலும் உடனே புரியாது.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது

என் அக்கா மகள் சட்டம் படிக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மழை நாளில் அவளுக்கு இந்தப் படத்தைப் போட்டேன். ஹோரஸ் நிகோபோலின் உடம்பில் இருந்துகொண்டு ஜில்லை நெருங்கும் இடம் வந்தது. "மாமா, இவன் அவளைக் கேட்கவே இல்லையே" என்றாள். நான் உடனே, "அவன் கடவுள்மா, அவனுக்கு ஏழு நாள்தான் இருக்கு" என்றேன். "அதனால?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த 'அதனால'வுக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

இந்தப் படத்துக்காக வாதாடுகிற யாரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது: அந்தக் காட்சியை வன்புணர்வு என்று அதன் பெயரைச் சொல்லியே பேசுங்கள். எதிராளி சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். 'குறியீடு', 'புராணத் தன்மை' என்ற சொற்களையெல்லாம் அந்த இடத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள். நிகோபோலின் உடம்பும் அவன் சம்மதம் இல்லாமல் எடுக்கப்படுகிறது என்பதைப் படம் நன்றாகவே உணர்ந்திருக்கிறது. அவன் ஹோரஸோடு ஓயாமல் சண்டை போடுகிறான், திட்டுகிறான், எதிர்க்கிறான். ஜில்லுக்கு அந்த அளவு வாய் கொடுக்கப்படவில்லை. நடந்தது என்னவென்று தெரிந்த பிறகும் அவள் மிகச் சீக்கிரம் காதலுக்கு வந்துவிடுகிறாள். இது படத்தின் உண்மையான குற்றம். நான் நேசிக்கும் படத்தில் இருக்கிறது என்பதால் அது சின்னதாகிவிடாது.

இதைச் சொன்ன பிறகு பேச்சின் போக்கே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எதிரே இருப்பவருக்கு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பேசவில்லை என்பது தெரிந்துவிடும். அப்புறம்தான் மற்றதைக் கேட்பார்.

"எதற்கு எகிப்தியக் கடவுள்கள்?"

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. "விண்கலம் இருக்கு, மரபணு இருக்கு, நடுவிலே வல்லூறுத் தலையோட ஒருத்தன் எதுக்கு?" என்று என் மச்சான் கேட்டார். பெரும்பாலான ரசிகர்கள் இதற்கு "அது ஒரு ஸ்டைல்" என்று பதில் சொல்லி வழக்கைக் கோட்டை விடுகிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். எகிப்தைத் தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள். நான் பார்த்த அளவில், பொன் கவசமும் ஒளிக்கற்றையுமாக வரும் பெரிய படங்களில் இருக்கும் கடவுள்களைவிட இந்தப் படத்தின் கடவுள்கள் பழைய எகிப்துக்கு நெருக்கமானவர்கள்.

கடவுள் மனித உடம்பில் குடியேறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் அது அரசியல் சட்டம் மாதிரி. உயிரோடு அரியணையில் இருக்கும் ஒவ்வொரு பாரோவும் ஹோரஸ். அரசனின் பெயர்களில் ஒன்றுக்கே 'ஹோரஸ் பெயர்' என்று பெயர். அரண்மனை வடிவக் கட்டத்துக்குள் அதை எழுதி, மேலே ஒரு வல்லூறை உட்கார வைப்பார்கள். கெய்ரோ அருங்காட்சியகத்தில் காஃப்ரே அரசனின் கரிய கல் சிலை இருக்கிறது. நாலாயிரத்து ஐந்நூறு வருஷப் பழமை. கீசாவில் அவன் கோவிலில் 1860இல் கிடைத்தது. முன்னால் நின்று பார்த்தால் அரசன் மட்டும்தான் தெரிவான். பக்கவாட்டில் போனால்தான், அவன் பிடரியை ஒட்டி ஒரு வல்லூறு உட்கார்ந்து இரண்டு சிறகாலும் தலையை அணைத்திருப்பது தெரியும். அந்தச் சிலையின் பக்கவாட்டுப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நிகோபோல் இரும்புக் காலோடு நிமிர்ந்து நிற்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு அதைக் காட்டுங்கள். என் மச்சான் கைபேசியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். சாமி இறங்குவதை ஊரில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வித்தியாசம் ஒன்றுதான்: இந்தச் சாமி உள்ளே வந்த பிறகும் உடம்புக்காரன் விழித்திருந்து எதிர்வாதம் செய்கிறான்.

அடுத்தது, "சாகாத கடவுளுக்கு எப்படி மரண தண்டனை?" இதற்கு நான் கண்டுபிடித்த பதில் எங்கள் தொழிலிலிருந்தே வந்தது. ஆப்செட் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாக நிறம் பார்க்கும் வேலை எனக்கு. வாரத்துக்கு நாலைந்து அஞ்சலிச் சுவரொட்டியாவது வரும். ஒவ்வொன்றிலும் பெயருக்கு முன்னால் 'அமரர்'. அமரர் என்றால் சாகாதவர், தேவர். அதே சொல்லைத்தான் செத்துப்போனவருக்குப் போடுகிறோம். படத்தின் தலைப்பையும் தமிழில் 'அமரன்' என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு அர்த்தமும் அவனுக்குப் பொருந்தும்.

எகிப்தியர்களும் தங்கள் கடவுள்களைச் சாகவிட்டவர்கள்தான். ஹோரஸின் தந்தை ஒசிரிஸ் கொல்லப்பட்டவன். சூரியக் கடவுள் ராவுக்கே வயதாகி வாயிலிருந்து எச்சில் ஒழுகும். அந்த எச்சிலை மண்ணோடு பிசைந்து ஐசிஸ் தேவி பாம்பு செய்து அவனைக் கடிக்க வைத்து, அவனுடைய ரகசியப் பெயரைப் பிடுங்குவாள். கடவுள்கள் நீதிமன்றமாக உட்கார்ந்து ஹோரஸை விசாரிப்பதும் படம் எடுத்தவரின் கற்பனை இல்லை. கி.மு. 12ஆம் நூற்றாண்டில், ஐந்தாம் ராம்சேஸ் காலத்தில் எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் இன்று டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. ஒசிரிஸின் அரியணை மகன் ஹோரஸுக்கா, ஒசிரிஸைக் கொன்ற தம்பி சேத்துக்கா என்ற வழக்கு அதில் நடக்கிறது. எண்பது வருஷ வழக்கு! கடவுள்கள் கட்சி மாறுகிறார்கள், கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள், தீர்ப்பைத் தள்ளிப் போடுகிறார்கள். நடுவில் ஹோரஸ் ஆத்திரத்தில் தாய் ஐசிஸின் தலையையே வெட்டிவிடுகிறான். படத்தில் வரும் ஹோரஸ் திமிரும் அவசரமும் பிடித்தவனாக இருக்கிறான் என்று யாராவது குறை சொன்னால், இந்தச் சுருளின் கதையைச் சொல்லுங்கள். பளிங்குபோலத் தூய்மையான ஹோரஸ் நாம் பின்னால் செய்துகொண்டது.

அந்தச் சுருளின் மொழிபெயர்ப்பைத்தான் பிறகு அக்கா மகளுக்கு அனுப்பினேன். வழக்கு என்பதால் படித்தாள். அதில் சேத் ஹோரஸையே பாலியல் ரீதியாக அடக்க முயல்கிற பகுதி உண்டு. அதைத் தன் வெற்றியாக சேத் மன்றத்தில் சொல்லிக்கொள்ளும்போது, கூடியிருந்த கடவுள்கள் ஹோரஸின் முன்னால்தான் காறித் துப்புகிறார்கள். "பாதிக்கப்பட்டவன் மேலதான் துப்புறாங்க, பாத்தீங்களா மாமா" என்று செய்தி அனுப்பினாள். நான் எத்தனையோ தடவை அதைப் படித்திருக்கிறேன். அந்த வரியை அப்படிப் பார்த்ததில்லை. தனக்கு நடந்ததைத் தெரிந்தவன்தான் படத்தில் ஜில்லுக்கு அதைச் செய்கிறான் என்று யோசித்தால் அந்தக் காட்சி இன்னும் கனமாகிறது. இதைப் படத்துக்குச் சாதகமான வாதமாக நான் வைப்பதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் சொல்கிறேன்.

பிறகு அந்த நீல முடி. பழைய எகிப்திய நூல் ஒன்றில், சீட்டி அரசனின் கல்லறைச் சுவரிலும் பொறிக்கப்பட்டது, வயதான ராவின் உடம்பை இப்படி வர்ணிக்கிறார்கள்: எலும்பு வெள்ளி, தசை பொன், முடி அசல் லாபிஸ் லசூலி நீலம். அந்த நீலக் கல் ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலையிலிருந்து எகிப்துவரை போனது. அது போதாமல் செம்பையும் மணலையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சுட்டு அவர்களே ஒரு நீலத்தைச் செய்தார்கள்; மனிதன் செயற்கையாகச் செய்த மிகப் பழைய நிறங்களில் அது ஒன்று. எகிப்தில் நீல முடி என்றால் தெய்வ முடி. ஹோரஸ் ஊரெல்லாம் தேடி நீல முடிக்காரியிடம் வந்து நிற்பது எனக்கு இயல்பாகவே படுகிறது. இயக்குநர் இதை மனத்தில் வைத்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். பொருந்துகிறது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

படம் எங்கிருந்து வந்தது

இயக்குநர் என்கி பிலால். 1951இல் பெல்கிரேடில் பிறந்து, சிறுவனாகவே பாரிஸுக்கு வந்தவர். அடிப்படையில் சித்திரக்கதைக்காரர். நிகோபோலின் கதையை 1980, 1986, 1992 என்று மூன்று ஆல்பங்களாக வரைந்தார். அதில் முதல் ஆல்பம் எனக்குப் புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது. பிரெஞ்சு எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். அந்தப் பக்கங்களின் நிறத்துக்காகவே வாங்கினேன். பிலால் கோட்டோவியம் போட்டுவிட்டு நிறத்தை வேறொருவரிடம் விடுகிறவர் இல்லை. மூல ஓவியத்தின் மேலேயே வண்ணம் தீட்டுகிறவர். சாம்பலும் சதை நிறமும் ஒரு நோய்ப்பட்ட பச்சையுமாக இருக்கும் பக்கத்தில் திடீரென்று ஒரு துளி நீலம் வரும். அச்சில் அதைக் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். சயான் என்ற அச்சு நீலம் கொஞ்சம் ஏறினால் பக்கமே செத்துப்போகும்.

முதல் ஆல்பத்தில் இடம் 2023இன் பாரிஸ், ஒரு பாசிச சர்வாதிகாரி ஆட்சி. மேலே நிற்கும் பிரமிடில் எரிபொருள் தீர்ந்துபோய்க் கடவுள்கள் அவனிடம் பேரம் பேசுகிறார்கள். சினிமாவில் இது நியூயார்க்காகி, பேரம் காணாமல் போய், காதல் நடுவுக்கு வந்துவிட்டது. ஆல்பம் படித்தவர்கள் இதைச் சொல்லிப் படத்தைத் திட்டுவார்கள். அவர்களிடம் ஒன்றை மட்டும் நினைவூட்டுங்கள்: மாற்றியவர் வேறு யாரும் இல்லை, வரைந்தவரேதான். 1980இன் ஆளும் 2004இன் ஆளும் ஒரே ஆள் இல்லை. இடையில் அவர் பிறந்த யூகோஸ்லாவியா என்ற நாடே இல்லாமல் போயிருந்தது. நினைவில்லாத பெண்ணொருத்தி நடுவுக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

(மூன்றாவது ஆல்பத்தில் குத்துச்சண்டையும் சதுரங்கமும் மாறி மாறி நடக்கும் ஒரு விளையாட்டு வரும். இயெப் ரூபிங் என்ற டச்சுக் கலைஞர் அதை 2003இல் நிஜமாகவே நடத்திக் காட்டினார், இன்றும் விளையாடுகிறார்கள். "இவர் வரைவதெல்லாம் உளறல்" என்பவர்களிடம் சொல்ல நல்ல செய்தி.)

"வீடியோ கேம் மாதிரி இருக்கு"

இருக்கிறது. படத்தில் ஜில்லாக வரும் லிண்டா ஹார்டி, நிகோபோலாக வரும் தாமஸ் க்ரெட்ச்மன், மருத்துவராக வரும் ஷார்லட் ராம்ப்ளிங் போன்ற சிலர்தான் ரத்தமும் சதையுமான நடிகர்கள். சுற்றியுள்ள மற்றவர்களில் பலர் கணினியில் செய்த மனிதர்கள். ஊர் முழுக்கக் கணினி. முழுப் படத்தையும் இப்படி எடுக்க முயன்ற முதல் சில படங்களில் இதுவும் ஒன்று. அதே 2004இல்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இதே முறையில் படங்கள் வந்தன. "அந்தக் காலத்துக்கு நல்லா இருந்தது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் காலத்திலும் படத்தில் வரும் செனட்டரின் முகம் மெழுகுதான்.

நான் சொல்வது இதைத்தான். கதைப்படி அந்த ஊரின் உடம்புகள் நிறுவனம் மாற்றிவைத்த உடம்புகள். ஹோரஸ் தேடுவது மாற்றப்படாத உடம்பை. மாற்றம் தொடங்குவதற்கு முன்பே உறைய வைக்கப்பட்டதால்தான் நிகோபோல் தப்பித்தான். மெழுகு முகங்களுக்கு நடுவே க்ரெட்ச்மனின் தாடி மயிரும் வியர்வையும் தெரியும்போது, கடவுள் எதைத் தேடினான் என்பது வசனமே இல்லாமல் நமக்குத் தெரிந்துவிடுகிறது. பண வசதியும் தொழில்நுட்பமும் பாதிக் காரணமாக இருந்திருக்கலாம். இருக்கட்டுமே. அச்சகத்தில்கூடக் காகிதம் மட்டமாக வந்தால் அந்தக் காகிதத்துக்கு ஏற்ற மாதிரித்தான் நிறத்தை அமைப்போம். அமைத்தவனின் கண் அதில் தெரியும்.

"கதை புரியவில்லை" என்பவர்களுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். அரசியல்வாதி, துப்பறிவாளர், சென்ட்ரல் பார்க்கில் இருக்கும் மர்மப் பகுதி, முகத்தை மூடிக்கொண்டு வரும் ஜான் எல்லாவற்றையும் முதல் தடவை விட்டுவிடச் சொல்லுங்கள். ஹோரஸ், நிகோபோல், ஜில் மூவரை மட்டும் பின்தொடரட்டும். ஜான் யார் என்பதற்குப் படமே தெளிவான பதில் தருவதில்லை, நீங்கள் தர வேண்டியதில்லை.

போட்டுக் காட்டும் நாள்

ஒருவருக்கு, மிஞ்சினால் இரண்டு பேருக்குப் போடுங்கள். நாலு பேர் சேர்ந்தால் யாராவது ஒருவர் முதல் பத்து நிமிஷத்தில் கமெண்ட் அடிப்பார், அதோடு மற்ற மூவரும் போய்விடுவார்கள். படம் ஒன்றே முக்கால் மணி நேரம்தான், இடைவேளை விடாதீர்கள். ஆங்கிலத்தில் எடுத்த படம் என்பதால் பிரெஞ்சுக் குரல் வடிவத்தைத் தேடி அலைய வேண்டாம். ஜில்லின் காட்சியைப் பற்றி ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பார்க்கிறவர் பெண்ணாக இருந்தாலும் ஆணாக இருந்தாலும்.

தொலைக்காட்சியின் அமைப்புகளைக் கட்டாயம் மாற்றுங்கள். 'விவிட்' என்று ஒரு வகை இருக்கும், கடையில் வாங்கும்போதே அதில்தான் வைத்திருப்பார்கள். அது ஜில்லின் முடியை பிளாஸ்டிக் வாளி நீலமாக்கிவிடும், அவள் தோலின் வெளுப்புக்கும் ஊரின் சாம்பலுக்கும் இருக்கும் வேறுபாட்டையே அழித்துவிடும். 'சினிமா' வகைக்குப் போங்கள், நிற வெப்பத்தைக் கதகதப்பான பக்கம் வையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அதுதான் கணினி உருவங்களை மேலும் பொம்மையாக்குகிறது. 'வீடியோ கேம்' புகாரில் ஒரு பங்கு அந்த ஒரு பொத்தானால் வருவது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிகோபோல் பிரெஞ்சுக் கவிஞர் பொதலேரின் வரிகளைச் சொல்லும் இடங்களில் ஒலியைக் கூட்டுங்கள். 1857இல் அவருடைய 'தீமையின் மலர்கள்' தொகுப்பு வந்தபோது பாரிஸ் நீதிமன்றம் ஆறு கவிதைகளுக்குத் தடை போட்டது. தடை நீங்க 1949 ஆயிற்று. அரசை எதிர்த்துச் சிறை போனவன் வாயில் அந்தக் கவிஞன் ஏன் வருகிறான் என்பதைப் படம் முடிந்த பிறகு சொல்லலாம், நடுவில் சொல்லாதீர்கள்.

முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு உடனே "எப்படி?" என்று கேட்காதீர்கள். நான் காபி போடப் போய்விடுவேன். அவர்களாகவே முதலில் கேட்கும் கேள்வி எதுவோ அங்கிருந்து தொடங்குவேன்.

அக்கா மகள் போன பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அவளே கேட்டு முழுப் படத்தையும் பார்த்தாள். அந்தக் காட்சியில் எழுந்து போகவில்லை, ஆனால் திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "இந்த ஹோரஸுக்குக் கொடுத்த தண்டனை சரிதான், ஆனா எந்தக் குற்றத்துக்குன்னு அந்தக் கோர்ட் சொல்லவே இல்லையே" என்றாள். அன்று ராத்திரி ஒரு மணிவரை அந்தக் கேள்வியைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.